ஹார்பினில் ஒரு பினாங்குக்காரர்

இடைநிலைப் பள்ளியில் முகக்கவரியோடுதான் பல மாதங்கள் உட்கார்ந்திருந்தேன். அதை நோய்த்தடுப்புக்குப் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் பினாங்கில் பிறந்தவர் என்பது, பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிக்க வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

டாக்டர் வு லியன் தே 1879ஆம் ஆண்டு பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்து, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். மருத்துவராகத் திரும்பியபோது, காலனித்துவ மருத்துவச் சேவையின் உயர்பதவிகள் ஐரோப்பியர்களுக்கே இருந்தன. பினாங்கில் சொந்தமாக மருத்துவம் பார்த்தார்; அபினுக்கு எதிராகப் போராடினார். கடைசியில், தம் மருந்தகத்தில் இருந்த சிறிதளவு அபின் மருந்துக்காக அவரே அபராதம் கட்ட வேண்டியதாயிற்று! 1908இல் சீனாவுக்குப் புறப்பட்டார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் இருமி, இரத்தம் உமிழ்ந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 31. பிணத்தை அறுப்பது வழக்கத்துக்கு விரோதமான அந்த ஊரில், இறந்த ஒரு பெண்ணின் உடலை இரகசியமாகச் சோதித்தார். பிளேக் கிருமி இருந்தது. பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. இவரோ, இந்த நோய் மனிதரின் மூச்சிலிருந்தே மனிதருக்குத் தொற்றுகிறது என்றார்.

இடம் அப்படி. தோலுக்காக மார்மொட் வேட்டையாடியவர்களும் கூலிகளும் மலிவான விடுதிகளில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். உறைபனிக்குப் பயந்து சன்னல்களை மூடிவிடுவார்கள். ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் அறை முழுவதும் சுவாசிக்க வேண்டும்.

வு பஞ்சை மெல்லிய துணிக்குள் வைத்து முகக்கவரி செய்யச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். முகக்கவரி இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே நோயால் இறந்துபோனார். அதன் பிறகு யாரும் வாதாடவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வெற்றியாகத் தோன்றவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது.

நோயாளிகளோடு பழகியவர்களை விடுதிகளிலிருந்து பிரித்து, ரயில் சரக்குப் பெட்டிகளில் தங்க வைத்தார். தரை உறைந்து கிடந்ததால் புதைக்க முடியாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள் குவிந்திருந்தன. முன்னோரை வணங்கும் மக்களிடம் பிணத்தை எரிக்கச் சொல்வது எளிதா? பேரரசரின் அனுமதி கேட்டுப் பெற்று, 1911 ஜனவரி இறுதியில் எரியூட்டினார். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் வட்டாரம் முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

1935இல் நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. ஜப்பானியப் படையெடுப்புக்குப் பின் 1937இல் நாடு திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராக நோயாளிகளைப் பார்த்தார். 1960 ஜனவரியில், பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

எங்கள் விரிவுரை மண்டபத்திலும் சன்னல்கள் திறக்காது, குளிரூட்டிதான். யாராவது தொடர்ந்து இருமினால் இப்போதெல்லாம் நான் கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.