தங்கையைப் பறித்த புற்றுநோய்... டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விட்டுச்சென்ற வேலை!

ஜூலை 30 அன்னிக்கு அரசு மருத்துவமனைகள்ல 'மருத்துவமனை தினம்' கொண்டாடுறதைப் பார்த்திருப்பீங்க. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண்... இதெல்லாம் நாம பாடப்புத்தகத்துலயே படிச்சாச்சு. அவர் புற்றுநோயோடு மல்லுக்கட்டிய கதைதான் அவ்வளவா பேசப்படலை.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பிறகு 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டரானார். 1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்துபோனார். முதலில் அதைச் சாதாரண வயிற்றுக்கடுப்புன்னுதான் நினைச்சிருக்காங்க. உண்மை தெரிஞ்சப்போ காலம் கடந்திருந்தது. அக்கா டாக்டரா இருந்த வீட்டுக்கே இந்த நிலைமைன்னா, மத்தவங்க கதியை யோசிச்சுப் பாருங்க.

இரண்டு வருஷம் கழித்து லண்டன் போனவர், அங்கே புற்றுநோய் சிகிச்சையைப் பக்கத்துல இருந்து கவனித்தார். நம்ம ஊர்லயும் இப்படி ஒரு மருத்துவமனை வேணும்கிற எண்ணம் அதன்பிறகு அவரை விடவே இல்லை. ஆனா, அது நிறைவேற ஏறக்குறைய 30 வருஷம் ஆச்சு. புற்றுநோய் வந்தா சாவுதானே, அதுக்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரிங்கிற மனநிலை மேலிடத்திலேயே இருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் அடையாறில் கேன்சர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. மொத்தமே 12 படுக்கைகள். அப்போ அவருக்கு வயசு 67! ஏழைக்கும் அதே சிகிச்சைங்கிறதுதான் அந்த இடத்தின் அடிப்படை. 1968-ல் அவர் மறைந்தார்.

சரி, சென்னையில மருத்துவமனை வந்தாச்சு. ஒட்டன்சத்திரம் பக்கம் காட்டுவேலைக்குப் போற அக்கா என்ன பண்ணுவாங்க?

அதுக்கான பதில் திண்டுக்கல் மாவட்டத்திலேயே கிடைச்சது. 2000-ல் அம்பிளிக்கை மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் இங்கே ஓர் ஆய்வைத் தொடங்கின. அடையாறு இன்ஸ்டிடியூட்டின் ஆய்வாளரும் அதில் இருந்தார். லேப் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸ், கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம்ம வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைத் தடவிப் பார்ப்பார். ஒரு நிமிஷத்துல வெள்ளைத் திட்டு தெரிஞ்சா சந்தேகம். தேவைப்பட்டவங்களுக்குக் குளிரூட்டி உறையவைக்கும் சிகிச்சை. 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்கள் அழைக்கப்பட்டதில், 31,343 பேர் வந்தாங்க. வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்த ஊர்களோடு ஒப்பிட்டப்போ, இந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு இது.

அழைச்சும் வராத பெண்கள் 17,968 பேர். கூச்சமா, கூலி போயிடும்கிற கவலையா, வீட்டுல யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா... காரணம் வீட்டுக்கு வீடு மாறியிருக்கலாம். இன்னிக்கு 30 வயசு தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயே இலவசமா நடக்குது. கத்தி, ஊசி எதுவும் கிடையாது. சில நிமிஷம்தான் ஆகும். அம்மா, அத்தை, சித்தின்னு வீட்டுல யாரெல்லாம் இன்னும் போகலைன்னு இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்களேன்.