வானத்தை ஆராய்ந்த குருவானவர்

இரவில் முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அசையாதிருப்பதாய்த் தோன்றும் அவ்வானில் அசையாதது எதுவுமில்லை. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குருவானவர் என்பதை அறிவீர்களா? அவரே அருட்தந்தை ஜோர்ஜ் லெமைத்ர்.

1894ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி பெல்ஜியத்தின் ஷார்லறுவா நகரிற் பிறந்த அவர், பொறியியல் பயிலும்போது முதலாம் உலகப் போர் மூண்டது. பீரங்கிப் படையிற் பணியாற்றினார். போரின் அழிவைக் கண்டபின் குருமடம் புகுந்து, 1923இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கேம்பிரிட்ஜில் எடிங்டனிடமும், பின்னர் அமெரிக்காவிலும் வானியல் கற்றார்.

1927இல், 42 விண்மீன் மண்டலங்களின் வேகங்களையும் தூரங்களையும் ஆராய்ந்து, பிரபஞ்சம் விரிவடைகின்றது என எழுதினார். அவரது கணிதத்தைப் பாராட்டிய ஐன்ஸ்டைன், முடிவை அப்போது ஏற்கவில்லை. 1929இல் ஹபிள் அதே தொடர்பை நோக்கல்களால் நிறுவியதும் புகழ் ஹபிளையே சேர்ந்தது. 1931இல் தமது கட்டுரையை ஆங்கிலத்தில் ஆக்கியபோது, தாம் முந்திக் கணித்த பெறுமானத்தை லெமைத்ர் தாமே நீக்கிவிட்டார். முதலிடத்துக்காக அவர் வழக்காடவில்லை. 2018இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் அவ்விதியை ஹபிள்-லெமைத்ர் விதி என அழைக்கப் பரிந்துரைத்தது.

ஆயினும், நமது அயலில் விரிவோடு ஈர்ப்பும் போட்டியிடுகின்றது. அந்திரொமேடா மண்டலம் விலகாது நம்மை நெருங்குகின்றது. நமது பால்வீதியோ அயல் மண்டலங்களோடு சேர்ந்து, தொலைவிலுள்ள பெருந்திரள்களின் ஈர்ப்பினால் செக்கனுக்குச் சுமார் 600 கிலோமீற்றர் வேகத்தில் விரைகின்றது. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சிய கதிர்வீச்சைக் கொண்டே இவ்வேகம் அளக்கப்பட்டது. அக்கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி லெமைத்ரின் இறுதி நாட்களில் அவரை எட்டியது. 1966 யூன் 20ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார்.

1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இத்தகைய அறிவியல் முடிவுகளைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசினார். தமது கொள்கை போற்றப்பட்டதை எண்ணி லெமைத்ர் மகிழவில்லை, கலங்கினார். நாளை மாறக்கூடிய அறிவியற் கருதுகோளின்மேல் விசுவாசத்தைக் கட்டலாகாது என்பதே அவரது நிலைப்பாடு. மறு ஆண்டு வானியலாளர்களிடம் பேசியபோது பாப்பரசர் அக்கருத்தை மீண்டும் வலியுறுத்தவில்லை.

அன்பர்களே, நம்மை இழுத்துச்செல்லும் அந்த ஈர்ப்பைக் காட்டி இறைவனை நிரூபிக்க எனக்கும் ஆவல் எழுகின்றது. லெமைத்ர் அதை விரும்பார். நம் விசுவாசம் சான்றுகளைத் தேடி அலைகின்றதா, அன்றி இறைவனில் ஊன்றியிருக்கின்றதா? இன்றிரவு வானத்தின்கீழ் நின்று இக்கேள்வியை உங்களிடமே கேட்டுப்பாருங்கள்.