ஹன்சாட் பக்கங்களில் அஷ்ரப்

செப்டெம்பர் மாதம் பிறந்துவிட்டால் கல்முனைக் கரையோரத்துச் சுவர்களில் மர்ஹும் எம்.எச்.எம். அஷ்ரபின் உருவப்படங்கள் ஏறுவது வழமை. நினைவுக் கூட்டங்களும் துஆப் பிரார்த்தனைகளும் நடைபெறும். ஆனால், அப்பெருமகன் பாராளுமன்றத்தில் என்ன பேசினார் என்று தேடிப் படிப்போர் மிகச் சிலரே.

1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து சட்டத்தரணியானவர் அஷ்ரப். 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை அவர் தொடக்கியபோது, பெரும்பான்மைக் கட்சிகளின் நிழலிலன்றி முஸ்லிம்களுக்கு வேறு அரசியல் இல்லை என்பதே பொதுவான எண்ணமாயிருந்தது. சபைக்குள் காலடி வைப்பதற்கு முன்னரே அவர் சட்டமொன்றின் மாற்றத்துக்குக் காரணராயிருந்தார். விகிதாசாரத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறுவதற்கு வேண்டியிருந்த 12.5 சதவீத வெட்டுப்புள்ளி, ரணசிங்க பிரேமதாசவுடன் அவர் நடத்திய பேச்சின் பயனாக, 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தத்தின் மூலம் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் நன்மையடைந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். நாட்டின் சிறு கட்சிகள் யாவுமே.

1989இல் அம்பாறை மாவட்டத்திலிருந்து தெரிவாகி எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். துயரமும் கோபமும் ஒருங்கே பொங்கிய அந்நாட்களில், ஆயுதத்தின் பக்கம் சாயத் துடித்த இளைஞர்களுக்குச் சபையில் ஒலித்த குரலே ஒரு மாற்று வழியைக் காட்டியது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் வாதிடும் ஆற்றலும் நீதிமன்றப் பயிற்சியும் அக்குரலுக்கு வலுச்சேர்த்தன.

1994இல் அவரது கட்சி பெற்ற 7 ஆசனங்கள், பெரும்பான்மைக்குக் குறைவாக 105 ஆசனங்களையே பெற்றிருந்த பொதுசன ஐக்கிய முன்னணி ஆட்சியமைக்கத் துணைநின்றன. துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சராகிய அஷ்ரப், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். அமைச்சுப் பதவி கேள்வி கேட்டவரைப் பதில் சொல்பவராக மாற்றியது என்பதையும் மறுப்பதற்கில்லை. முஸ்லிம்களுக்கான தென்கிழக்கு அதிகார அலகு என்ற அவரது கோரிக்கையும் தீர்வின்றியே நின்றது. 2000 ஆகஸ்டில் சபைக்கு வந்த புதிய அரசியலமைப்புச் சட்டமூலம் நிறைவேறாத நிலையில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் நிகழ்ந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் உயிர்நீத்தார்.

அவருக்குப் பின் கட்சி பல கூறுகளாகப் பிளவுண்டது. ஒவ்வோர் அணியும் அவரது படத்தைத் தனதாக்கிக்கொண்டது. ஒரு மக்கள் பிரதிநிதியின் உண்மையான முதுசொம் சுவரொட்டியில் இல்லை. சபையில் அவர் பதிந்துவைத்த சொல்லிலும், அச்சொல்லைச் செயலாக்க எடுத்த முயற்சியிலுமே இருக்கிறது. அவரது பாராளுமன்ற உரைகள் நமது பாடசாலை நூலகங்களைச் சென்றடையுமாயின், இன்றைய உறுப்பினர்களின் பேச்சை எடைபோட நம் பிள்ளைகளுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். அதனினும் மேலான நினைவேந்தல் வேறில்லை.