குதிரையை விற்ற பிரபு

பெண்டிங்க் என்றதும் நமக்கு ஸ்கூல் வரலாற்றுப் புத்தகம்தான் ஞாபகம் வரும். 1806-ல் வேலூர்ப் புரட்சி நடந்தபோது சென்னை கவர்னர். பிறகு கவர்னர் ஜெனரலாகி 1829-ல் சதியை ஒழித்தவர். நான் சொல்லப்போவது அவரைப் பற்றி அல்ல. அவருடைய அண்ணன் மகன் ஜார்ஜ் பெண்டிங்க் பிரபுவைப் பற்றி.

பிறந்தது 1802-ல். அப்பா போர்ட்லண்ட் கோமகன். தாத்தா இரண்டு முறை இங்கிலாந்தின் பிரதமர். சித்தப்பா 1828-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டதும் அவருடைய கிங்ஸ் லின் தொகுதி இவருக்கு வந்தது. அதற்கப்புறம் 18 வருஷம் எம்.பி.யாக இருந்தும் சபையில் வாயைத் திறந்தது அபூர்வம். வேட்டை உடுப்பின் மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவாராம். மனசெல்லாம் ரேஸ் மைதானத்தில்!

அங்கே அவர் ஒரு எஞ்சினீயர் மாதிரி யோசித்தார். அந்தக் காலத்தில் பந்தயக் குதிரை ஊர் விட்டு ஊர் நடந்தே போகும். 1836-ல் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் பந்தயம். பெண்டிங்கின் குதிரை எலிஸ் 200 மைலுக்கு மேல் தள்ளி குட்வுட்டிலேயே நிற்கிறது. நடந்தால் இரண்டு வாரம். வந்து சேராது என்று புக்கிகள் நிம்மதியாக இருந்தார்கள். மனுஷன் சத்தமில்லாமல் குதிரைக்கென்றே ஒரு வண்டி கட்டச் சொன்னார். வேறு குதிரைகள் இழுக்க, எலிஸ் களைப்பில்லாமல் சில நாளில் வந்து இறங்கி ஜெயித்தும் விட்டது! கத்திக் கிளப்பிவிடும் பழக்கத்தை மாற்றி, கொடியசைத்துப் பந்தயம் தொடங்கும் முறையைக் கொண்டுவந்தவரும் இவரே. 1844 டெர்பியில் மூன்று வயதுக் குதிரைகளுக்கு நடுவே நான்கு வயதுக் குதிரையை ஆள்மாறாட்டம் செய்து ஓடவிட்ட மோசடியை, துப்பறிவாளர் போல் அலைந்து சாட்சி சேர்த்து உடைத்தார். ஆனால் அவரும் அப்பாவுக்குத் தெரியாமல் பிறர் பெயரில் குதிரை ஓடவிட்டவர்தான்!

1846-ல் எல்லாம் தலைகீழ். பிரதமர் ராபர்ட் பீல், வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு நிலப்பிரபுக்களைக் காத்த தானியச் சட்டத்தை எடுக்க முனைந்தார். சொந்தக் கட்சிக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார் என்று பெண்டிங்க் கொதித்தார். பேசவே கூச்சப்பட்டவர் டிஸ்ரேலியோடு சேர்ந்து எதிரணியை நடத்தினார். ரேஸும் அரசியலும் ஒன்றாக ஓடாது என்று தன் குதிரைகள் மொத்தத்தையும் 10,000 பவுனுக்கு விற்றுவிட்டார். சட்டம் ஒழிந்தது, பீலும் பதவி இழந்தார்.

ரொட்டி விலை குறையக் கூடாது என்ற பக்கம் அவர் நின்றது சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதே மனிதர்தான் 1847-ல், பஞ்சத்தில் வாடிய அயர்லாந்தில் ரயில்பாதை போட்டு வேலை கொடுக்க 1 கோடியே 60 லட்சம் பவுன் கடன் தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். தோற்றது. அதே ஆண்டு டிசம்பரில், யூதர்களும் பாராளுமன்றத்தில் அமரலாம் என்று தன் கட்சியாரை மீறி ஓட்டுப் போட்டார். தலைமைப் பதவி போயிற்று.

1848 மே மாதம் டெர்பி. வாழ்நாளெல்லாம் அவர் ஏங்கியும் கிடைக்காத பரிசு அது. ஜெயித்தது சர்ப்ளிஸ், அவர் விற்ற குதிரைகளில் ஒன்று! மறுநாள் பாராளுமன்ற நூலகத்தில் அவர் மனம் உடைந்து நின்றதை டிஸ்ரேலி எழுதி வைத்திருக்கிறார். செப்டம்பரில் அதே குதிரை செயின்ட் லெஜரையும் வென்றது. அதே மாதம் 21-ஆம் தேதி, விருந்துக்குத் தனியே நடந்து போகும் வழியில் மாரடைப்பில் விழுந்து இறந்தார். வயது 46.

ஒன்றுக்காக ஒன்றை விட்டார். இரண்டும் கைக்கு வரவில்லை. ஆனால் அரைமனசாக எதையும் செய்யவில்லை. அரியர்ஸை ஒரு பக்கமும் ஆசையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு தவிக்கும் நாம், விடுவது எதை என்று முடிவு செய்யவாவது அவரிடம் கற்றுக்கொள்ளலாம். எதற்காக விடுகிறோம் என்பதை மட்டும் அவரைவிடக் கொஞ்சம் நன்றாக யோசிப்போம்!