சிறுவர்களுக்காக மைதானம் அளந்த கார்ல் ஸ்டொட்ஸ்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1910 இல் பிறந்தவர் கார்ல் ஸ்டொட்ஸ். பெரியவர்களுக்கென அளந்த மைதானங்களில் சிறுவர்கள் பேஸ்போல் ஆடித் திணறியதைக் கண்டார். 90 அடியாக இருந்த ஓட்டத் தூரத்தை அவர்களுக்காக 60 அடியாக்கினார். ஊர் வர்த்தகர்களிடம் அலைந்து பணம் சேர்த்தார். 1939 ஜூன் 6 அன்று மூன்று அணிகளுடன் 'லிட்டில் லீக்' ஆரம்பமானது.

அமைப்பு நாடெங்கும் பரவியது. கூடவே வணிக நோக்கமும் புகுந்துவிட்டதென அவர் கருதினார். 1955 இல் நீதிமன்றம் சென்றார். மறுவருடம், தான் உருவாக்கிய அமைப்பைவிட்டே விலகினார். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகளைக் கைவிடவில்லை. அவர்களுக்கான விளையாட்டு தொடர்ந்தது.

1974 இல் லிட்டில் லீக் சிறுமிகளையும் சேர்த்து, சொஃப்ட்போலையும் தொடங்கியது. 1992 இல் ஸ்டொட்ஸ் காலமானார். அமைப்பு அவர் கையைவிட்டுப் போனாலும், வில்லியம்ஸ்போர்ட்டின் பழைய மைதானம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.