ஹிஜ்ரி முதல் கொல்லம் வரை... 1,100 வருஷ காலண்டரை ஒரே நூலில் கோர்த்த சாமிக்கண்ணு பிள்ளை! யார் இவர்?

பெரம்பலூர் மாவட்டம், வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டில் ரமலான் நோன்பு பிறைக் கணக்கில் வரும். சுற்றுவட்டாரத்தில் பொங்கலும் ஆடிப்பெருக்கும் சூரியக் கணக்கு. பள்ளிக்கூடம் திறப்பதோ ஆங்கிலத் தேதியில்! இன்று ஒரு தேதியை இன்னொன்றாக மாற்ற செல்போனே போதும். நூறு வருஷத்துக்கு முன்னாடி?

அந்த வேலையைச் செய்தவர்தான் எல்.டி.சாமிக்கண்ணு பிள்ளை. 1865-ல் பிறந்தவர், கிறிஸ்தவர், சென்னை மாகாண அரசின் அதிகாரி. ஆனால் மனசெல்லாம் பஞ்சாங்கத்தில்.

சிக்கல் என்னன்னா, நம்ம கல்வெட்டுகளில் கி.பி. கிடையாது. கங்கைகொண்ட சோழபுரத்தை ஆண்ட சோழர்களின் கல்வெட்டுகளையே எடுத்துக்கோங்க. மன்னரின் ஆட்சி ஆண்டு இருக்கும். பலவற்றில் மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரமும் இருக்கும். இத்தனையும் ஒரே நாளில் ஒன்றுசேர்வது அபூர்வம். மன்னர் எந்தக் காலத்தவர் என்று தோராயமாகத் தெரிந்தால், பொருந்தும் நாளைப் பிடித்துவிடலாம். தப்பினால் மன்னர் வரிசையே இடம் மாறிவிடும்.

ஹிஜ்ரி வேறு மாதிரி. வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள்தான். அதனால் ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். சகாப்தத்துக்கு 78-ஐக் கூட்டினால் கி.பி. கிடைக்கும். கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்குகிறது. ஹிஜ்ரிக்கு இப்படி ஒரே எண்ணைக் கூட்டித் தப்பிக்க முடியாது.

1911-ல் இந்தியக் காலக்கணிப்பு பற்றி நூல் எழுதினார். 1922-ல் வந்தது, அவரை நிலைக்க வைத்த 'இந்தியன் எபிமெரிஸ்'. கி.பி. 700 முதல் 1799 வரை, சுமார் 4 லட்சம் நாளுக்கு அட்டவணை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்!

சிலப்பதிகாரத்திலும் கை வைத்தார். மதுரை எரிந்த நாளுக்கு அதில் சொல்லப்படும் ஆடி, தேய்பிறை அஷ்டமி, வெள்ளிக்கிழமை, கார்த்திகை நட்சத்திரம் எல்லாம் பொருந்துவது கி.பி. 756 என்றார். பலர் ஏற்கவில்லை. எந்த நாள் பொருந்தும் என்று கணக்கு சொல்லும். கவிஞர் நிஜமான ஒரு நாளை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பதை அது எப்படிச் சொல்லும்?

சென்னை மாகாண சட்டமன்றத் தலைவர் பொறுப்பில் இருந்தபோதே, 1925 செப்டம்பரில் காலமானார். கல்வெட்டுத் தேதி பார்ப்பவர்கள் இன்றும் அவருடைய அட்டவணையைப் புரட்டுகிறார்கள்.