கல்லில் வரைந்த சிரிப்பு

நாளிதழ் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது கேலிச்சித்திரத்தைத்தான். நான்கே கோடுகளில் ஒரு பெரிய மனிதரின் மூக்கு நீள்கிறது, வயிறு பெருக்கிறது. நாம் சிரிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த நான்கு கோடுகளுக்காகச் சிறை சென்ற ஓவியர் ஒருவர் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தார். நாற்பது ஆண்டுகள் ஓயாமல் வரைந்து, கண்பார்வை மங்கி, வறுமையில் மறைந்த அவர் பெயர் ஓனோரே டோமியே. தோழியரே, அவருடைய வாழ்க்கையைச் சற்றே அறிந்துகொள்வோம்.

அமீனாவின் எடுபிடிச் சிறுவன்

டோமியே 1808-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் மார்சேய் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. ஆனால் அவர் மனமோ கவிதையில் திளைத்தது. கவிஞராகப் பெயர் எடுக்க வேண்டும் என்னும் ஆசையுடன் அவர் பாரிசு நகருக்குச் சென்றார். குடும்பமும் பின்தொடர்ந்தது. கவிதை சோறு போடவில்லை. எனவே சிறுவன் டோமியே விளையாட வேண்டிய வயதிலேயே வேலைக்குப் போனான். முதலில் நீதிமன்ற அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலை. பிறகு ஒரு புத்தகக் கடையில் வேலை.

அந்த அமீனாவின் அலுவலகத்தில் அவன் கண்டவை அவன் கண்ணை விட்டு அகலவில்லை. கறுப்பு அங்கி அணிந்து கைகளை வீசிப் பேசும் வழக்கறிஞர்கள், தூங்கி வழியும் நீதிபதிகள், எதுவும் புரியாமல் விழிக்கும் ஏழை வழக்காளிகள் ஆகியோரே பிற்காலத்தில் அவருடைய புகழ்பெற்ற நீதிமன்றப் படங்களில் உயிர் பெற்று எழுந்தார்கள்.

மகனின் ஓவிய ஆர்வத்தைப் பெற்றோர் இறுதியில் ஏற்றுக்கொண்டனர். அலெக்சாந்தர் லெனுவார் என்பவரிடம் அவர் சிறிது காலம் ஓவியம் பயின்றார். லூவர் அரண்மனைக் காட்சிக்கூடத்திற்குச் சென்று பழஞ்சிலைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பின்னர் வயிற்றுப் பிழைப்புக்காகக் கல்லச்சுத் தொழிலைக் கற்றார்.

கல்லச்சு என்பது யாது?

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமானியரான செனஃபெல்டர் கண்டுபிடித்த அச்சுமுறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது நாம் சமையலறையிலேயே அறிந்த உண்மையன்றோ? அதுவே இந்த அச்சுக்கலையின் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மீது கொழுப்புக் கலந்த மைக்கோலால் படம் வரைவார்கள். அதைப் பதப்படுத்திக் கல்லை நீரால் நனைத்து, எண்ணெய் மையை உருட்டுவார்கள். கோடு உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் பதியும். படம் இடம் வலமாகப் பதியும் என்பதால் ஓவியர் அதைக் கருத்தில் கொண்டே வரைய வேண்டும். வேண்டிய படிகளை அச்சிட்டபின் கல்லைத் தேய்த்து அழித்து, அடுத்த படத்துக்கு அனுப்புவார்கள்.

மரத்திலும் செம்பிலும் செதுக்கும் பழைய முறைகளைக் காட்டிலும் இது விரைவானது. இன்று நடந்ததைப் பற்றிய படம் சில நாட்களிலேயே மக்கள் கையில் இருக்கும். அரசர்கள் அஞ்சியதும் அந்த விரைவைத்தான்.

பேரிக்காயும் பேரரசனும்

1830-ஆம் ஆண்டு பாரிசு மக்கள் புரட்சி செய்து பத்தாம் சார்லசு மன்னனை விரட்டினார்கள். லூயி பிலிப் அரியணை ஏறினான். பத்திரிகைச் சுதந்திரம் மலரும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவ்வாண்டே சார்ல் ஃபிலிப்போன் என்பவர் 'லா கரிக்கத்தூர்' என்னும் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். 1832-இல் 'லெ ஷாரிவாரி' என்னும் நாளிதழையும் தொடங்கினார். கிராண்வில், திராவியே முதலிய ஓவியர்கள் அவரைச் சூழ்ந்து பணியாற்றினார்கள். இளைஞர் டோமியேவும் அந்தக் கூட்டத்தில் ஒருவரானார்.

அது ஒரு குடும்பம் போன்றது. ஒருவர் கருத்துச் சொல்வார். இன்னொருவர் படம் வரைவார். படத்தின் கீழுள்ள வாசகத்தை மற்றொருவர் எழுதுவார். டோமியேவின் படங்களுக்குக் கீழே நாம் காணும் வாசகங்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை அல்ல. ஃபிலிப்போனின் உறவினர் ஒபேர் நடத்திய கடையின் கண்ணாடிச் சன்னலில் புதிய படங்களைத் தொங்கவிடுவார்கள். காசு கொடுத்து இதழ் வாங்க இயலாதவர்களும் அங்கே கூடி நின்று சிரிப்பார்கள்.

ஃபிலிப்போன் மன்னனின் முகத்தைப் பேரிக்காயாக வரைந்து காட்டினார். 1831-இல் நீதிமன்றத்திலேயே நான்கு படங்கள் வரைந்து, மன்னரின் முகம் எவ்வாறு சிறிது சிறிதாகப் பேரிக்காயாக மாறுகிறது என்று விளக்கினார். பேரிக்காய் மன்னரைப் போல் இருந்தால் அது தம் குற்றமா என்று வாதாடினார். பின்னர் ஒரு வழக்கில் தீர்ப்பைத் தம் நாளிதழிலேயே வெளியிட நேர்ந்தபோது, அந்த எழுத்துகளையும் பேரிக்காய் வடிவில் கோத்து அச்சிட்டார்கள்!

டோமியே இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1831 டிசம்பரில் மன்னனைப் பெருந்தீனி தின்னும் பூதமாக வரைந்தார். எளிய மக்களிடம் பறித்த காசுகளைக் கூடை கூடையாக ஏணிப்பலகையில் சுமந்து சென்று அந்த வாயில் கொட்டுகிறார்கள். மறுபுறம் பட்டங்களும் பதவிகளும் ஆதரவாளர்களுக்கு விழுகின்றன. நீதிமன்றம் அவருக்கு 6 மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதித்தது. 1832 ஆகஸ்டு இறுதியில், தம் 24-ஆம் வயதில், செயின்ட் பெலாழி சிறைக்குள் நுழைந்தார். அங்கும் அவர் கை ஓயவில்லை. உடனிருந்த கைதிகள் தங்கள் முகத்தை வரைந்து தருமாறு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அக்காலத்து அரசியல்வாதிகளின் தலைகளைச் சாண் உயரத்திற்கு மேற்படாத களிமண் உருவங்களாகவும் அவர் செய்தார். அவற்றுள் 36 உருவங்கள் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன.

சிரிப்பு நின்ற இடம்

1834 ஏப்ரலில் பாரிசில் கலவரம் மூண்டது. திரான்சுநோனேன் என்னும் தெருவில் ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கி சுடும் ஓசை கேட்டதாகக் கூறி, படைவீரர்கள் உள்ளே புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். டோமியே அதை வரைந்தார். இரவு உடையுடன் கட்டிலருகே ஒரு தொழிலாளி விழுந்து கிடக்கிறார். அவர் உடலின் அடியில் ஒரு குழந்தை. நிழலில் ஒரு பெண். ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. இந்தப் படத்தில் யாருடைய மூக்கும் நீளவில்லை; யாருடைய வயிறும் பெருக்கவில்லை. கேலி என்பதே இல்லை. காவலர்கள் கிடைத்த படிகளையும் கல்லையும் கைப்பற்றினார்கள்.

டோமியேவின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். எதைக் கண்டு சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலவே, எங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

அன்றாட உழைப்பு

1835 செப்டம்பரில் கடுமையான சட்டம் வந்தது. முன்அனுமதியின்றி அரசியல் படம் எதுவும் வெளியிட இயலாது. 'லா கரிக்கத்தூர்' நின்றது. டோமியே 'ஷாரிவாரி'யில் தொடர்ந்தார். அரசரை வரையக்கூடாதெனில் சமுதாயத்தை வரைவோம் என்று திரும்பினார். போலி வியாபாரிகள், வழக்கறிஞர்கள், வீட்டுக்காரர்கள், குடித்தனக்காரர்கள், வகுப்பறையில் ஆசிரியரும் குறும்பு மாணவரும் என யாரும் தப்பவில்லை.

1846-இல் தையல் வேலை செய்துவந்த அலெக்சாந்திரீன் என்னும் பெண்மணியை மணந்தார். செயின் நதியின் நடுவே உள்ள செயின்ட் லூயி தீவில் இருவரும் குடியிருந்தனர். கவிஞர் போதலேர், இயற்கைக் காட்சி ஓவியர் தோபிஞி போன்றவர்கள் அவருடைய நண்பர் வட்டத்தில் இருந்தனர். மாடி அறையே அவருடைய பணியிடம். பல கற்களை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன மைக்கோல் துண்டுகளால் மாறி மாறி வரைவார் என்பர். எதிரே ஆளை நிறுத்தி வரையும் வழக்கம் அவருக்கில்லை. தெருவில் கண்ட முகம் நினைவில் நிற்கும், கல்லில் இறங்கும். இவ்வாறு அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறத்தாழ 4,000. கணக்கிட்டால் வாரத்திற்கு இரண்டு வீதம் நாற்பது ஆண்டுகள்! இவ்வளவு உழைத்தும் கடன் அவரை விட்டு நீங்கவில்லை.

நமக்கு வலிக்கும் ஒரு தொடர்

ஒன்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1844-இல் டோமியே நாற்பது படங்கள் கொண்ட ஒரு தொடரை வெளியிட்டார். நூல் எழுத விரும்பிய பெண்களைக் கிண்டல் செய்யும் தொடர் அது. ஒரு படத்தில் தாய் மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்னால் அவள் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாக விழுந்து கிடக்கிறது. எழுதும் பெண் வீட்டைக் கெடுப்பாள் என்பதே அதன் பொருள். 1848-க்குப் பின் உரிமை கேட்டுக் கூடிய பெண்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பெண்ணுக்குப் படிப்பும் பதிப்பும் அரிதாக இருந்த காலம் அது. சிறந்த நாவலாசிரியை ஒருவர் ஜார்ஜ் சாண்ட் என்று ஆண் பெயர் சூட்டிக்கொண்டு எழுதிய காலம். பாரத்தின் அடியில் கிடந்தவர்களைப் பார்த்தே பத்திரிகை சிரித்தது. ஆண்டுமலரில் எழுத இடம் பெற்றுள்ள நாம் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்க இயலுமா? பெரிய கலைஞரின் கண்ணிலும் காலத்தின் தூசி விழும் என்பதை அவை உணர்த்துகின்றன.

ஆனால் அதே டோமியே பெண்களை வேறு விதமாகவும் கண்டார். 1848-இல் குடியரசை ஒரு தாயாக வரைந்தார். இரு குழந்தைகள் அவளிடம் பால் குடிக்க, மூன்றாவது குழந்தை காலடியில் அமர்ந்து புத்தகம் படிக்கிறது. தம் வீட்டருகே ஆற்றில் துணி வெளுத்து, மூட்டையை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பிடித்துப் படியேறும் பெண்ணை வண்ண ஓவியமாக்கினார். 1860-களில் தீட்டிய மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டி ஓவியத்தில் பால் கொடுக்கும் தாயும், கூடையை மடியில் வைத்த பாட்டியும், உறங்கும் சிறுவனும் அமர்ந்திருக்கிறார்கள். களைப்பும் கண்ணியமும் ஒருங்கே தெரியும் முகங்கள் அவை. சலவைப் பெண்ணின் சுமையைக் கண்ட கண், எழுதும் பெண்ணின் ஏக்கத்தையும் கண்டிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றுகிறது.

இறுதி நாட்கள்

1860-இல் 'ஷாரிவாரி' அவரை வேலையிலிருந்து நீக்கியது; சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அழைத்துக்கொண்டது. 1870-இல் மூன்றாம் நெப்போலியனின் அரசு அளிக்க முன்வந்த உயரிய விருதை அவர் ஏற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் பட்டம் தேடுவோரை எள்ளியவர், தாமே பட்டம் சூடிக்கொள்வாரா?

பார்வை மங்கியது. 1872-க்குப் பின் கல்லச்சுப் படம் வரைய இயலவில்லை. பாரிசுக்கு வெளியே வல்மோந்துவா என்னும் சிற்றூரில் வாடகை வீட்டில் வாழ்ந்தார். ஓவியர் கோரோ அந்த வீட்டை வாங்கி நண்பருக்கே வழங்கினார் என்று சொல்வர். 1878-இல் நண்பர்கள் பாரிசில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். விக்டர் யூகோ அதன் கௌரவத் தலைவர். பாராட்டு வந்தது, வரவு செலவை எட்டவில்லை. 1879 பிப்ரவரியில் டோமியே கண்மூடினார். மறு ஆண்டு அவருடைய உடல் பாரிசின் பேர் லஷேசு கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டு, நண்பர் கோரோவின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

தேகா அவருடைய படங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்தார். வான்கோ அவரைப் போற்றினார். பேரிக்காய் மன்னனை இன்று பலரும் நினைவில் கொள்வது அந்தப் படங்களால்தான்.

தோழியரே, நம் கையிலும் பென்சில் இருக்கிறது. நம் வாயிலும் கேலி இருக்கிறது. வகுப்பில் ஒருத்தியின் நடையை, பேச்சை, உடையை வைத்து நாமும் படம் போடுகிறோம். அப்போது டோமியேவின் இரண்டு வகைப் படங்களையும் நினைத்துக்கொள்வோம். வலியவரின் அநீதியைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பு அரியணையை அசைத்தது. எழுதத் துணிந்த பெண்ணைக் கண்டு சிரித்த சிரிப்பு அவருடைய புகழுக்கே ஒரு கறையாக நின்றது. நம் பென்சில் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, பிறகு தாராளமாகச் சிரிப்போம்!